ஹெட்மாஸ்டர் ஊற்றிய தண்ணீர்

மார்ச் 4

உனக்கு,

நம் பெண் எழுதிய கடிதம் நேற்று வந்தது. பேத்திக்குப் பல் முளைத்திருப்பதாக எழுதியிருக்கிறாள். சந்தோஷம். அதற்குக் கீழே எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "அம்மா இப்போது நன்றாகத் தண்ணீர் குடிக்கிறாள். எல்லாம் மாமாவால்தான். விடாமல் குடிக்கவைத்துப் பழக்கிவிட்டார்."

படித்துவிட்டு மடித்து வைத்தேன். தப்பாகப் படித்துவிட்டேனோ என்று எடுத்து மறுபடியும் படித்தேன். தப்பில்லை. மாமா என்று அவள் சொல்வது அவளுடைய மாமனாரை. நம் சம்பந்தியை. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியரை.

கல்யாணமான வருடத்திலிருந்து உன்னிடம் நான் சொல்லிவந்த ஒரே விஷயம் தண்ணீர் குடி என்பதுதான். தையல் கம்பெனிக்கு நீ கொண்டுபோன பாட்டில் மூடி திறக்காமல் திரும்பி வரும். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால், "குடிச்சா எழுந்து போகணும், எழுந்து போனா சூப்பர்வைசர் முறைப்பா, விடுங்க" என்பாய். வேலையை விட்டு நின்ற பிறகாவது குடித்தாயா? இல்லை. மோட்டாரைத் தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டால் உள்ளே சுற்றியிருக்கிற கம்பிச்சுருள் எரிந்துவிடும், மனித உடம்பும் அப்படித்தான் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். நான் படிக்காதவன், ஊர் ஊராக பம்பு செட் ரிப்பேர் செய்கிறவன். நான் சொன்னால் அது வெறும் சத்தம். படித்தவர் சொன்னால் அதுவே மருந்து.

கடைசியில் கிட்னியில் கல் வந்தது. அங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, பெண்ணும் இருக்கிறாள் என்றுதான் அனுப்பிவைத்தேன். கல்லை எடுத்தாகிவிட்டது. உடம்பு தேறியதும் வருவதாகப் பேச்சு. இப்போது "அம்மா இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்று பெண் எழுதுகிறாள். நீ எழுதவில்லை.

போனில் கேட்கலாம்தான். மோட்டார் ஷெட்டுகளில் போன காது, நீ சொல்வதில் பாதி விழுவதில்லை. விழுகிற பாதியில் ஹெட்மாஸ்டர் இருமுகிறார். அதனால் எழுத்தில் பதில் வேண்டும். எப்போது வருகிறாய்?

இப்படிக்கு,
நாற்பது வருடம் சொன்னவன்


மார்ச் 11

நாற்பது வருடம் சொன்னவருக்கு,

பேத்தி தூங்கும் நேரம் பார்த்து எழுதுகிறேன். உடம்பு பரவாயில்லை. முன்பு போல இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவதில்லை.

தண்ணீர் விஷயம் கேட்டிருக்கிறீர்கள். ஒரு ரகசியமும் இல்லை. காலையில் பல் தேய்த்ததும் தேநீருக்கு முன்னால் ஒரு டம்ளர். குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு நானும் ஒரு டம்ளர். மாத்திரைக்கு இரண்டு மடக்கோடு நிறுத்தாமல் முழுசாக. எனக்கு ஒரே மூச்சில் குடிக்க வராது, வாய் வாயாகத்தான். முதல் வாரம் குமட்டியது. கக்கூஸுக்கு நடந்தே கால் ஓய்ந்துவிட்டது. "என்னம்மா, புதுசா அங்க வேலை கிடைச்சிருக்கா?" என்று உங்கள் பெண் கேலி செய்தாள்.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாக்கு வறண்டது. தாகம். எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. எனக்குத் தாகமே எடுக்காது என்றல்லவா இத்தனை வருடம் நினைத்திருந்தேன். எடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, நான்தான் அதை வாயை மூடு, வாயை மூடு என்று சொல்லி அடக்கி வைத்திருக்கிறேன்.

சம்பந்தி அண்ணன் செய்வது பெரிதாக ஒன்றுமில்லை. தான் குடிக்கப் போகும்போது இரண்டு டம்ளர் எடுக்கிறார். ஒன்றை என் பக்கத்தில் வைத்து "இந்தாம்மா" என்கிறார். அவ்வளவுதான். குடி என்றுகூடச் சொல்வதில்லை.

எப்போது வருவேன் என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். வெந்நீர் வைத்துக் குளியுங்கள். பனியனை ஊறப்போட்டால் அன்றே துவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாற்றம் போகாது.

உங்கள்
மனைவி


மார்ச் 16

உனக்கு,

அண்ணன் என்று எழுதியிருக்கிறாய். கூடப் பிறந்த அண்ணன் ஒருவர் உனக்கு இருந்தார். அவர் சொல்லி எதை நீ கேட்டாய்?

எனக்குச் சில விவரங்கள் தெரிய வேண்டும். சந்தேகம் ஒன்றுமில்லை, தெரிந்துகொள்ளத்தான். இந்த டம்ளர் வீட்டிலிருந்து நீ கொண்டுபோன விளிம்பு வைத்த டம்ளரா, அவர்கள் வீட்டு டம்ளரா? அவர் எங்கே உட்காருகிறார்? நீ எங்கே உட்காருகிறாய்? டம்ளரை வைத்துவிட்டுப் போய்விடுகிறாரா, அல்லது நீ குடித்து முடிக்கும்வரை நிற்கிறாரா? வாய் வாயாகக் குடிக்கிறவள் நீ. அதற்குள் ஒரு ஆள் என்னென்னவோ பேசலாம். ஹெட்மாஸ்டர்களுக்குப் பேசச் சொல்லியா தர வேண்டும்?

கடைத்தெருவில் நேற்று டீக்கடைக்காரர், "அக்கா இன்னும் வரலையா அண்ணே? அங்கேயே செட்டில் ஆயிட்டாங்களா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இனி அந்த மனிதர் உனக்காகச் சிரமப்பட வேண்டாம். நானே ஒரு ஏற்பாடு செய்து பஸ் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பழைய பம்பு செட்டிலிருந்து கழற்றிய டைமர் ஒன்று இருந்தது. அதோடு பெல் ஒன்றை இணைத்து மரப்பெட்டியில் அடைத்திருக்கிறேன். பிளக்கில் சொருகினால் போதும், விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மணிக்கொரு தரம் அடிக்கும். அடித்தால் நீ குடிக்க வேண்டும். கரண்ட் போனாலும் கவலை இல்லை, உள்ளே பாட்டரி இருக்கிறது. என் கையால் செய்தது. இதற்கு இருமல் கிடையாது. உன்னை அம்மா என்று கூப்பிடாது.

எப்போது வருகிறாய் என்பதற்கு நீ பதில் எழுதவில்லை. நான் கவனித்தேன்.

உன்
கணவன்


மார்ச் 27

கணவருக்கு,

பெட்டி வந்தது. மாப்பிள்ளை பிளக்கில் சொருகினார். அடித்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. குழந்தை தொட்டிலில் துள்ளி எழுந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, பிறகு வீரிட்டது. மாடி வீட்டுக்காரர் பாதிக் குளியலில் துண்டோடு இறங்கி ஓடி வந்தார், தீப்பிடித்துவிட்டது என்று. பெட்டியை உங்கள் காதுக்குப் பக்கத்தில் வைத்து, தலையை ஆட்டி, சரியான சத்தம் என்று திருப்திப்பட்டிருப்பீர்கள். உங்கள் காதுக்கு அது சரியான சத்தம்தான். இங்கே மற்றவர்களுக்கெல்லாம் காது இருக்கிறது.

சரி, நிறுத்தலாம் என்றால் சுவிட்ச் இல்லை. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். "அப்பா வேணும்னேதான் சுவிட்ச் வைக்கல. வச்சா நீ அணைச்சிடுவேன்னு அவருக்குத் தெரியும்" என்றாள் உங்கள் பெண். பிளக்கைப் பிடுங்கினால் உள்ளே பாட்டரி. அண்ணன் அதைக் கம்பளியில் சுற்றி அலமாரிக்குள் வைத்தார். அலமாரி அடித்தது. கடைசியில் மாப்பிள்ளை ஆணியைக் கழற்றி உள்ளே வயரை வெட்டினார். அண்ணன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எல்லோரும்தான் சிரித்தோம். நானும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். பெட்டியை நான் தூக்கிப்போடவில்லை. என் துணிகளோடு வைத்திருக்கிறேன்.

டம்ளர் அவர்கள் வீட்டு டம்ளர். அண்ணன் வாசல் பக்கம் நாற்காலியில் உட்காருகிறார், நான் உள்ளே ஜன்னலுக்குக் கீழே. டம்ளரை வைத்துவிட்டுப் போய்ப் பேப்பர் படிக்கிறார். போதுமா?

உங்கள்
மனைவி


மார்ச் 31

சிரித்தாராம்.

நான் உட்கார்ந்து செய்த பெட்டியைப் பார்த்து, பேனா பிடித்த கை சிரித்ததாம். நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாயாம். அதை எனக்கே எழுதுகிறாய்.

நேராகக் கேட்கிறேன். மனைவி இல்லாத மனிதர். மகன் வேலைக்குப் போய்விடுகிறான், மருமகள் வேலைக்குப் போய்விடுகிறாள். வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் ஒரு கைக்குழந்தையும். அடுத்தவன் மனைவிக்குத் தாகம் எடுக்கிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் அவருக்கு வேலையா? பள்ளிக்கூடத்தில் மணி அடித்து மணி அடித்துப் பழகிய கை, சும்மா இருக்க முடியவில்லையா?

வருகிற மாதம் பதினைந்தாம் தேதிக்குள் நீ வர வேண்டும். இல்லையென்றால் அங்கேயே இரு. அவர் ஊற்றட்டும், நீ குடி. இங்கே எனக்கு யாரும் வேண்டாம். சமைக்கத் தெரியும், துவைக்கத் தெரியும்.


ஏப்ரல் 5

கணவருக்கு,

கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் பக்கத்தில் டம்ளர் இருக்கிறது, அதனால் நிறுத்தி நிறுத்தி எழுத முடிகிறது.

நீங்கள் கேட்ட கேள்வியை உங்கள் பெண் பார்க்கக் கூடாது என்று கடிதத்தைக் கிழித்துவிட்டேன். இனி அப்படி எழுதாதீர்கள்.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அண்ணி எப்படி இறந்தார் என்று உங்களுக்குத் தெரியும், கிட்னி போய்த்தான். அதற்கு முந்தைய வருடங்கள் எப்படிப் போயின என்று நமக்குத் தெரியாது. மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறவர்கள் இஷ்டத்துக்குத் தண்ணீர் குடிக்கக் கூடாதாம். உடம்பில் தேங்கிவிடுமாம். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று டாக்டர் சொல்லிவிடுவார். அதை அளந்து கொடுக்கிற வேலை அண்ணனுடையது. அண்ணி கேட்பாராம். "இன்னும் ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று கேட்பாராம். இவர் இல்லை என்று சொல்ல வேண்டும். அண்ணி முன்னால் குடிக்கக் கூடாது என்று இவரும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பாராம்.

இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. உங்கள் பெண் சொன்னாள். நான் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்தால் அவர் பேப்பருக்கு மேலே ஒரு தரம் பார்ப்பார். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. இதில்தான் நீங்கள் வயிறெரிகிறீர்கள்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஏன் நான் தேதி எழுதவில்லை என்றால் பயமாக இருக்கிறது. மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். இன்னொரு பக்கத்திலும் சின்னதாக ஒன்று இருக்கிறது. தண்ணீர் விடாமல் குடித்தால் தானாகவே போய்விடும், விட்டுவிட்டால் அடுத்த தடவை கல்லோடு முடியாது என்று டாக்டர் சொன்னார். இங்கே இருக்கும்வரை குடிப்பேன். அங்கே வந்தால் விட்டுவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். இது இன்னும் என் பழக்கம் ஆகவில்லை, இந்த வீட்டுப் பழக்கமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் சொன்னீர்கள். சொல்லவில்லை என்று யார் சொன்னது? எப்படிச் சொன்னீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். வேலையிலிருந்து வந்து கூடத்து நாற்காலியில் உட்காருவீர்கள். "தண்ணி கொண்டா" என்பீர்கள். கொண்டு வருவேன். அண்ணாந்து குடித்துவிட்டு, காலி டம்ளரை என் கையில் கொடுத்து, "நீயும் குடி, உடம்பைக் கெடுத்துக்காதே" என்பீர்கள். நான் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். இத்தனை வருடத்தில் எனக்கென்று ஒரு டம்ளர் தண்ணீர் நீங்கள் எடுத்து வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஜுரம் வந்தபோதுகூட, "பானையில இருக்கு, எழுந்து குடி" என்றுதான் சொன்னீர்கள்.

உங்கள் தொழிலை வைத்தே கேட்கிறேன். கிணற்றுக்குள் குழாயின் நுனியில் இருக்கிற வால்வு கசிந்துவிட்டால், மோட்டார் எவ்வளவு சுற்றினாலும் தண்ணீர் ஏறாது என்று சொல்வீர்கள். அப்போது என்ன செய்வீர்கள்? வாளியில் தண்ணீர் கொண்டு வந்து, நீங்களே மேலேயிருந்து குழாய் நிறைய ஊற்றுவீர்கள். ஊற்றி நிரப்பின பிறகுதான் அது தானாக இழுக்கும். கிணற்றங்கரையில் நின்றுகொண்டு "ஏறு, ஏறு" என்று சத்தம் போட்டு எந்தப் பம்பையாவது ஓட்டியிருக்கிறீர்களா?

பதினைந்தாம் தேதி வரமாட்டேன்.

உங்கள்
மனைவி


ஏப்ரல் 24

உனக்கு,

பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம். வேறு காரணம் இல்லை.

ஒரு தோட்டத்தில் மோட்டார் சுற்றுகிறது, தண்ணீர் வரவில்லை என்று கூப்பிட்டார்கள். வால்வு கசிவுதான். கழற்றி வாஷர் மாற்றிவிட்டு, வாளி வாளியாக ஊற்றிக் குழாயை நிரப்பினேன். ஊற்றும்போது உன் கடிதம் ஞாபகம் வந்தது. வந்தது என்று மட்டும் எழுதுகிறேன். இதற்கு மேல் எழுதமாட்டேன்.

வீட்டில் சில மாற்றங்கள் செய்திருக்கிறேன். வந்து பார்த்துவிட்டு எதையாவது நீயாகக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது என்பதற்காக முன்கூட்டியே காரணங்களைச் சொல்லிவிடுகிறேன்.

என் நாற்காலியைக் கூடத்திலிருந்து எடுத்துச் சமையலறை வாசலில் போட்டிருக்கிறேன். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது. பானையை ஸ்டூலிலிருந்து எடுத்து, உட்கார்ந்தபடியே எனக்குக் கை எட்டுகிற உயரத்தில் பலகை அடித்து வைத்திருக்கிறேன். ஸ்டூல் ஆடிக்கொண்டிருந்தது. உன் தையல் மெஷின் பக்கத்தில் சுவரில் ஒரு சின்னத் தட்டு. அது டம்ளர் வைக்கத்தான். அதற்கு வேறு காரணம் கிடைக்கவில்லை.

நீ போனதிலிருந்து எனக்கும் தண்ணீர் குடிக்க மறந்துபோகிறது. கொண்டா என்றால் கொண்டு வர ஆள் இல்லை. வேலைக்குப் போனால் சாயங்காலம்வரை ஞாபகமே வருவதில்லை. நாள் பூராவும் ஊருக்குத் தண்ணீர் ஏற்றிவிட்டு வறண்ட வாயோடு வருகிறேன். இதைப் புகாராக எழுதவில்லை, தகவலாக எழுதுகிறேன்.

அதனால் இப்போது குடிக்கும்போதெல்லாம் இரண்டு டம்ளர் எடுத்து ஊற்றுகிறேன். கை பழக வேண்டும் இல்லையா. ஊற்றிய பிறகு என்ன செய்வது? இரண்டையும் நானே குடிக்கிறேன். நேற்று டீக்கடைக்காரர் சிலிண்டர் கேட்டு வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, ரெண்டு டம்ளர்? அக்கா வந்துட்டாங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்புறம் யாருக்கு?" என்றார். "உனக்குத்தான், குடி" என்று நீட்டினேன். பாவம், தாகம் இல்லாமலே குடித்துவிட்டுப் போனார்.

ஹெட்மாஸ்டர் விஷயம். அந்த அம்மாள் கேட்டு இவர் இல்லை என்று சொன்னது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பெட்டியைப் பார்த்துச் சிரித்தது தவறுதான். என் வணக்கத்தைச் சொல். அவர் செய்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. இப்போதும் பிடிக்கவில்லை. இது மாறும் என்று நீ எதிர்பார்க்க வேண்டாம்.

பெட்டியைக் கொண்டு வா. சுவிட்ச் வைத்துத் தருகிறேன். பெல்லுக்கு உள்ளே துணி அடைத்தால் சத்தம் குறையும். எவ்வளவு குறைய வேண்டும் என்று நீ பக்கத்தில் இருந்து சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

வருவதாக இருந்தால் பகல் பஸ்ஸில் வா. பஸ் பயணத்தில் நீ ஒரு சொட்டும் குடிக்கமாட்டாய், எனக்குத் தெரியும். இந்தத் தடவை அப்படி வரக் கூடாது. வழிக்கு வேண்டிய தண்ணீரை அவர் ஊற்றித் தருவதாக இருந்தால் தரட்டும். வாங்கிக்கொள். ஆனால் இங்கே இறங்கும்போது பாட்டிலில் மீதி இருந்தால் கீழே கொட்டிவிடு. அவர் தண்ணீரோடு நீ வீட்டுக்குள் வர வேண்டாம். நான் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டு வருவேன்.

உன்
கணவன்


ஏப்ரல் 29

வருவதைச் சொல்லத்தான் இந்தச் சின்னக் கடிதம்.

வியாழக்கிழமை காலை பஸ். சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் வந்துவிடும். பெட்டி துணிகளுக்கு நடுவில் இருக்கிறது. கண்டக்டர் சந்தேகப்பட்டு என்ன என்று கேட்டால் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

உங்கள் வணக்கத்தை அண்ணனிடம் சொன்னேன். பெட்டியைப் பார்த்துச் சிரித்தது தப்புதான் என்று சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார். வழிக்குப் பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் தருகிறேன் என்றிருக்கிறார்.

பஸ் நடுவில் எங்கெங்கே நிற்கும், எந்த இடத்தில் கக்கூஸ் சுத்தமாக இருக்கும் என்று மாப்பிள்ளையிடம் விசாரித்து வைத்துவிட்டேன். அதனால் கொட்டுகிற பேச்சே வேண்டாம். நல்ல தண்ணீரைக் கொட்ட எனக்கு மனசு வராது. நம் ஊர் வருவதற்குள் குடித்து முடித்துவிடுவேன்.

வெறும் பாட்டிலோடு இறங்குவேன். நிரப்பித் தர வேண்டியது உங்கள் பொறுப்பு.